நீலகிரியில் வீடு பார்த்தல்: முதலில் சரிவு, பிறகு சுவர்

ஊட்டியில் வீடு வாங்க நினைப்பவர்களில் பெரும்பாலோர் ஏப்ரல், மே மாதங்களில்தான் வருகிறார்கள். சமவெளியில் வெயில் கொளுத்தும்போது மலையேறி, மலர்க் கண்காட்சியைப் பார்த்து, மறுநாள் புரோக்கரோடு நாலு வீடு சுற்றிவிட்டு, பிடித்த ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு இறங்குகிறார்கள். அந்த மாதங்களில் எந்த வீடும் நன்றாகத்தான் இருக்கும். சுவர் காய்ந்திருக்கும். ஓட்டின் மேல் பாசி கருகி உதிர்ந்திருக்கும். வீட்டுக்குப் பின்னால் ஓடை இருந்ததற்கு அடையாளமாகச் சில உருண்டைக் கற்கள் மட்டும் கிடக்கும். விற்பவர் புதிதாக வெள்ளையடித்து, ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்திருப்பார்.

மலைவீட்டுக்கு வரும் கேடுகளில் பெரும்பாலானவை தண்ணீரால் வருபவை. மேலேயிருந்து தண்ணீர் எப்படி இறங்குகிறது, வீட்டைச் சுற்றி எங்கே போகிறது, உள்ளே எங்கே தங்கிவிடுகிறது என்ற மூன்றையும் பார்க்கத் தெரிந்தவருக்கு மற்றவை தானாகப் பிடிபடும். இந்த அத்தியாயம் அந்த வரிசையிலேயே போகிறது.

எப்போது பார்ப்பது

நீலகிரி முழுவதற்கும் ஒரே மழைக்காலம் கிடையாது. ஊட்டிக்கும் அதன் மேற்கே குந்தா, அவலாஞ்சி பக்கத்துக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் பெய்தது. குன்னூரும் கோத்தகிரியும் கிழக்குச் சரிவில் இருப்பதால் அங்கே பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியதும் அந்தப் பருவத்தில்தான். ஆகவே ஊட்டி வீட்டை ஜூலையிலும் குன்னூர் வீட்டை நவம்பரிலும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். கோடையில் பிடித்துப்போன வீடாக இருந்தாலும், ஒப்பந்தத்தின் கெடுவை மழைக்காலம் தாண்டும்படி வைத்துக்கொள்வது நல்லது. “அதுக்குள்ள வேற பார்ட்டி வந்துடும்” என்பார் புரோக்கர். வந்தால் வரட்டும். நின்று பெய்யும் மழையில் இரண்டு மணி நேரம் அந்த வீட்டுக்குள் இருந்து பார்ப்பதற்கு ஈடான சோதனை எதுவும் இல்லை.

குளிர்காலத்துக்கும் ஒரு பார்வை வேண்டும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் இரவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். தலைக்குந்தா, காந்தள், குதிரைப் பந்தய மைதானத்தை ஒட்டிய தாழ்ந்த பகுதிகள் எல்லாம் வெள்ளையாகிக் கிடக்கும்போது, மேட்டில் இருக்கும் வீடுகளில் புல் பச்சையாகவே இருக்கும். அந்த மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், வடக்கு நோக்கிய செங்குத்துச் சரிவில் உள்ள வீட்டுக்கு நாளின் பெரும்பகுதி வெயில் கிடைக்காமல் போகலாம். வெயில் படாத சுவர் காயாது. காயாத சுவரில் பூசணம் பிடிக்கும். வயதானவர்கள் தங்கப்போகும் வீடு என்றால், எந்த அறையில் எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். சரியாகச் சொல்வார்கள், துணி காயப்போடுகிறவர்கள் அல்லவா.

சரிவைப் படிப்பது

நீலகிரியின் அடிப்பாறை சார்னோகைட். உறுதியான பாறைதான். ஆனால் அதன் மேல் பல ஆயிரம் ஆண்டு மழையில் சிதைந்துபோன செம்மண் கனமாகப் படர்ந்திருக்கிறது. நாம் வீடு கட்டுவது பெரும்பாலும் அந்த மண்ணில். மழைநீர் உள்ளே இறங்கி மண் நனைந்து கனக்கும்போது, அடிவாரத்தை யாராவது வெட்டியிருந்தால், மேலே உள்ளது மொத்தமாக வழுக்கி இறங்கிவிடும். 1978, 1979 மண்சரிவுகள், 1993 நவம்பரில் மரப்பாலத்தில் சாலையையும் ரயில் பாதையையும் சேர்த்து அடித்துக்கொண்டு போனது, 2009 நவம்பரில் 40க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது எல்லாம் கனமழையில் நடந்தவை. 2009இல் இறந்தவர்களில் பலர் தங்கள் வீட்டுக்குள்ளேயே புதைந்தவர்கள். இதைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. மாவட்ட நிர்வாகம் அண்மை ஆண்டுகளில் 283 இடங்களை மழைக்கால அபாயப் பகுதிகளாகப் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. உங்கள் வீடு இருக்கும் இடம் அதில் வருகிறதா என்று வட்டாட்சியர் அலுவலகத்திலோ கிராம நிர்வாக அலுவலரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு நாள் போதும். அந்த ஒரு நாளைச் செலவிடாமல் லட்சக்கணக்கில் பணம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வீட்டு வாசலுக்குப் போகும் முன் வீட்டுக்கு மேலே ஏறுங்கள். முடிந்தால் மேலே இருக்கும் சாலை வரை. அங்கே நிலத்தில் வில் போல வளைந்த விரிசல் தெரிகிறதா? மின்கம்பங்களும் வேலிக்கால்களும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றனவா? மரங்களின் அடி வளைந்து, பிறகு நிமிர்ந்து வளர்ந்திருக்கின்றனவா? மண் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும் இடத்தில் மரம் அப்படித்தான் வளரும். மேல்சாலையின் மழைநீர் எந்த மதகு வழியாகக் கீழே விழுகிறது, அது உங்கள் வீட்டுக் கூரையை நோக்கி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். சாலை மட்டத்துக்குக் கீழே இருக்கும் வீடுகள் விலை குறைவாக வருவதற்கு இதுவே பாதிக் காரணம்.

பிறகு கீழே இறங்கிப் பாருங்கள். மலையில் மனை என்பது ஒரு பக்கம் வெட்டி, வெட்டிய மண்ணை மறுபக்கம் கொட்டிச் சமப்படுத்தியது. வெட்டிய பாதியில் தரை கெட்டி. கொட்டிய பாதி வருடக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும். வீடு இரண்டு பாதியிலும் கால் வைத்திருந்தால், இரண்டும் சேரும் கோட்டில் தரை டைல்ஸில் நீளமாக ஒரு வெடிப்பு ஓடும், அதே கோட்டில் சுவரிலும் ஏறும். வராந்தாவும் கார் நிறுத்துமிடமும் வீட்டிலிருந்து பிரிந்து விலகியிருப்பதும் இதன் அடையாளம்தான். பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நீட்டிக் கட்டிய அழகான பால்கனிகள் பெரும்பாலும் கொட்டிய மண்ணின் மேல் நிற்பவை. அவற்றின் தூண்கள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கின்றன என்று கட்டியவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

தடுப்புச்சுவரைத் தனியாக ஒருமுறை பாருங்கள். சுவர் நடுவில் வயிறு தள்ளியிருக்கிறதா என்பதை ஒரு ஓரத்தில் நின்று கண்ணை ஒட்டிப் பார்த்தாலே தெரியும். சுவரில் வரிசையாகத் தண்ணீர் வடியும் துளைகள் இருக்க வேண்டும், மழைக்காலத்தில் அவற்றில் தண்ணீர் சொட்டவும் வேண்டும். துளையே இல்லாத சுவரும், துளைகளைச் சிமென்ட் வைத்துப் பூசி அழகுபடுத்திய சுவரும் அணைபோல் தண்ணீரைத் தேக்கிக்கொண்டு நிற்கின்றன, ஒரு நாள் தள்ளிவிடும். அந்தச் சுவருக்குக் கீழே யார் குடியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். லயன் வீடுகளும் ஒண்டுக்குடித்தனங்களும்தான் பெரும்பாலும் கீழே இருக்கும். உங்கள் சுவர் சரிந்தால் முதலில் போவது அவர்களுடைய உயிர். பழுதான தடுப்புச்சுவரை ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று வாங்குவதற்கு யாருக்கும் உரிமை இல்லை என்பது என் திடமான கருத்து. புதிதாகக் கட்டுவது என்றாலும் எளிதல்ல. நீலகிரியில் அனுமதி இல்லாமல் பொக்லைன் இறக்க முடியாது. ஆள் வைத்துத் தோண்டி, கல் சுமந்து கட்டும் செலவு வேறு கணக்கு.

பங்களா

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820களில் ஊட்டியில் கல்வீடு கட்டியதிலிருந்து இந்த மலையில் பல விதமான வீடுகள் வந்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நோய்.

பழைய பங்களாக்கள் கனத்த கல்சுவரோ செங்கல் சுவரோ, சுண்ணாம்புச் சாந்தோ களிமண் சாந்தோ வைத்துக் கட்டியவை. அந்தச் சுவர்கள் ஈரத்தை உறிஞ்சி, வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். அப்படியே நூறு ஆண்டு நின்றவை. பிற்காலத்தில் யாரோ ஒருவர் அவற்றின் மேல் சிமென்ட் பூச்சுப் பூசி, பிளாஸ்டிக் பெயின்ட் அடித்துவிடுகிறார். உள்ளே போன ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. சாந்து உள்ளுக்குள் கரைந்து மாவாகிறது. சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே நடங்கள். ‘டொக்’ என்று கெட்டியாகக் கேட்டால் சரி. காலியாகக் கேட்கும் இடங்களில் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்துவிட்டது. தரையிலிருந்து முழங்கால், இடுப்பு உயரம் வரை உப்புப் பூத்திருந்தால் அடியிலிருந்து ஓதம் ஏறுகிறது. இப்போதெல்லாம் அந்த உயரத்துக்கு மரப்பலகையோ டைல்ஸோ ஒட்டி மறைத்துவிடுகிறார்கள். எதற்காக அங்கே மட்டும் பலகை என்று கேளுங்கள்.

பலகைத் தளம் இருக்கும் பங்களாவில், வெளிச்சுவரின் அடியில் சிறு இரும்புக் கம்பி போட்ட ஓட்டைகள் வரிசையாக இருக்கும். தளத்துக்கு அடியில் காற்றோட்டத்துக்காக வைத்தவை. தோட்ட மண்ணை உயர்த்தும்போது இவற்றை மூடிவிடுவார்கள். மூடிய சில வருடங்களில் அடிச்சட்டங்கள் உளுத்துப்போகும். அறையின் நடுவில் நின்று குதிகாலால் அழுத்தி மிதியுங்கள். தளம் துள்ளினாலோ பள்ளமானாலோ ஒரு பலகையைப் பெயர்த்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். தரமாட்டேன் என்கிற உரிமையாளரிடம் வாங்காதீர்கள்.

கூரைக்கு உள்ளே கட்டாயம் ஏற வேண்டும். சீலிங்கில் ஆள் நுழையும் பலகைக் கதவு எங்காவது இருக்கும். இல்லையென்றால் இரண்டு ஓடுகளை எடுத்துப் பார்க்கலாம். டார்ச்சை அணைத்துவிட்டு இருட்டில் சற்று நில்லுங்கள். எங்கெல்லாம் வெளிச்சம் தெரிகிறதோ அங்கெல்லாம் மழை இறங்கும். கைமரங்களும் உத்திரமும் சுவரில் உட்காரும் முனைகளை ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள், முனை உள்ளே போகக் கூடாது. இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் பள்ளத்திலும், புகைபோக்கி கூரையைத் துளைத்து வெளியேறும் இடத்திலும் போட்டிருக்கும் தகரம் துருப்பிடித்திருந்தால், கீழே அறையில் அதற்கு நேராக ஒரு பழுப்புக் கறை இருக்கும். கணப்படுப்பு எரிகிறதா என்றும் ஏற்றிப் பாருங்கள். புகை அறைக்குள் திரும்பினால் புகைபோக்கி அடைத்திருக்கிறது. கணப்பு இருக்கும் வீடு என்று சொல்லி விலையை உயர்த்துகிறவர்கள், அதை ஏற்றிக்காட்டவும் கடமைப்பட்டவர்கள்.

தகரமும் சிமென்ட் ஷீட்டும்

ஊட்டி, குன்னூர் நகரங்களின் நெருக்கமான தெருக்களில் பொதுச்சுவர் வைத்த வரிசை வீடுகள் நிறைய. இங்கே பக்கத்து வீட்டின் உடல்நிலைதான் உங்கள் வீட்டின் உடல்நிலை. அவர்கள் கூரைத் தண்ணீர் உங்கள் சுவரில் விழுகிறதா, பொதுச்சுவர் பத்திரத்தில் பொது என்றே எழுதியிருக்கிறதா என்ற இரண்டையும் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். தகரக் கூரையில் ஆணி அடித்த ஓட்டைகளைச் சுற்றித்தான் முதலில் துரு வரும். சிமென்ட் ஷீட் பழையதாக இருந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இழை இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உடையாமல் கிடக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. மாற்றும்போது உடைத்து, அறுத்து, தூசி கிளப்பக் கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஷீட்டை முழுசாகக் கழற்றி இறக்கும் கூலியை விலைபேசும்போதே கழித்துவிடுங்கள்.

கான்கிரீட் வீடும் அடுக்ககமும்

சமவெளிக் கட்டடத்தை அப்படியே தூக்கிவந்து மலையில் வைத்ததுபோல் 1980, 90களில் தட்டை மாடி வீடுகள் ஏராளமாக எழுந்தன. தட்டை மாடியில் தண்ணீர் தேங்கும், பாசி பிடிக்கும், பிறகு கம்பி துருப்பிடித்துக் கூரையின் அடிப்பக்கம் செதில் செதிலாக உதிரும். உதிர்ந்ததை மறைக்கவே பல வீடுகளில் ஃபால்ஸ் சீலிங் போடுகிறார்கள். விளக்கு பொருத்திய ஓட்டை ஒன்றைக் கழற்றி, போனில் படம் எடுத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். மொட்டைமாடிக்கு மேல் பின்னாளில் இரும்புச் சட்டம் அமைத்து ஷீட் போட்டிருந்தால், அங்கே ஒழுக்கு இருந்தது என்று பொருள். அது தவறான மருத்துவமும் அல்ல, மலையில் சாய்கூரைதான் சரி. சட்டத்தை மாடியில் எப்படி இறுக்கியிருக்கிறார்கள் என்பதை மட்டும் பாருங்கள், ஜூலைக் காற்று லேசானதல்ல.

அடுக்ககங்களில் சாலை மட்டத்துக்குக் கீழே இரண்டு மூன்று தளங்கள் இறங்கும். அந்தக் கீழ்த்தளங்களின் பின்சுவர் மலையை ஒட்டி நிற்கும். சுவருக்கும் வெட்டிய மண்ணுக்கும் நடுவே ஆள் நடக்கும் அளவு இடைவெளியும், அதில் தண்ணீர் ஓடும் வடிகாலும் இருந்தால் வாங்கலாம். மண்ணே சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றால், பின்பக்கப் படுக்கையறை எந்தக் காலத்திலும் காயாது. பள்ளத்தாக்குக் காட்சி தெரிகிற முன் அறையில் நின்று விலை பேசாமல், பின்னறையின் அலமாரிக்குள் தலையை நுழைத்து முகர்ந்து பாருங்கள். ஆண்டில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் வீடுகள் இவை. மூக்கு பொய் சொல்லாது, ஆனால் ரூம் ஸ்ப்ரே அடித்திருந்தால் ஏமாறும், ஆகவே ஜன்னலை மூடிவிட்டு அரைமணி நேரம் கழித்து மறுபடி உள்ளே வாருங்கள்.

ஈரம் சுவருக்குள் இருந்து வருகிறதா, அறைக்காற்றிலிருந்து படிகிறதா என்ற சந்தேகம் வந்தால் எளிய சோதனை ஒன்று உண்டு. கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாளை இரண்டடிச் சதுரமாக வெட்டி, நான்கு ஓரமும் டேப்பால் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டி, ஒன்றிரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளின் உள்பக்கம், சுவரை ஒட்டி நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது, செலவு பெரிது. வெளிப்பக்கம் மட்டும் முத்துமுத்தாக நின்றால் காற்றோட்டம் போதவில்லை, ஜன்னலாலும் வெளியேற்றும் விசிறியாலும் தீரக்கூடியது.

சுவர் வெடிப்புகளில் தலைமுடி அளவில் வலைபோலப் பரவியவை பூச்சு வெடிப்புகள், விட்டுவிடலாம். செங்கல் வரிசையைப் பின்பற்றிப் படிப்படியாக ஏறுபவை, கதவு ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாகக் கிளம்புபவை, ஒரு முனையில் மெல்லியதாகவும் மறுமுனையில் அகலமாகவும் இருப்பவை அஸ்திவாரத்தைப் பற்றிப் பேசுகின்றன. மூடாத கதவையும் இவற்றோடு சேர்த்துப் படியுங்கள். அப்படி ஒன்றைப் பார்த்தால் இரண்டு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மழைக்குப் பிறகு வந்து பார்க்கும்போது வெடிப்பு கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று தெரியும்.

தேயிலைக்குள் முளைத்த காட்டேஜ்கள்

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கும் காட்டேஜ் மனைகள் புதியவை, பளபளப்பானவை, எனக்கு அதிகக் கவலை தருபவை. தேயிலைச் செடியின் வேர் மண்ணைப் பிடித்துவைத்திருந்த சரிவு அது. செடியைப் பிடுங்கி, படிப்படியாக வெட்டி, பழைய தோட்டக் கால்வாய்களை மூடிவிட்டு வீடு கட்டுகிறார்கள். எங்கே ஓடை ஓடியது என்று தோட்டத்தில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். “மழைல தண்ணி எந்தப் பக்கமா இறங்குங்க்கா?” என்று கேட்டால் கை நீட்டிக் காட்டிவிடுவார்கள். அந்தக் கை உங்கள் மனையைக் காட்டினால் திரும்பி வந்துவிடுங்கள்.

இத்தகைய மனைகளில் காகிதமும் பரிசோதனையின் பகுதிதான். வில்லங்கச் சான்று, பட்டா, தாய்ப்பத்திரம், புல வரைபடம் எல்லாம் எங்கேயும் பார்ப்பதுபோலப் பார்க்க வேண்டியவை. மலையில் கூடுதலாக, அந்தக் கிராமம் ‘ஹாகா’ என்று எல்லோரும் சொல்லும் மலைப்பகுதி பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் வருகிறதா, வந்தால் மனைப்பிரிவுக்கு அதன் இசைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டட வரைபட அனுமதியைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக ஒப்பிடுங்கள். அனுமதியில் ஒரு தளமும் நேரில் இரண்டு தளமும் இருந்தால், சீல் வைக்கும்போது அதிகாரிகள் வருவது உங்களிடம்தான், விற்றவரிடம் அல்ல. வீட்டை ஹோம்ஸ்டேவாக நடத்தலாம் என்ற எண்ணத்தோடு மசினகுடிப் பக்கம் பார்ப்பவர்கள், 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகள் பூட்டப்பட்டதையும், 2020 அக்டோபரில் அந்த வழித்தட அறிவிப்பை நீதிமன்றம் உறுதிசெய்ததையும் மனதில் வைக்க வேண்டும். கூடலூரில் 1969ஆம் ஆண்டு ஜன்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவுக்குள் வரும் நிலம் என்று கேள்விப்பட்டால் வீட்டைப் பார்க்கவே போக வேண்டாம்.

வழி பத்திரத்தில் இருக்கிறதா என்பது பலர் கேட்க மறக்கும் கேள்வி. சாலையிலிருந்து வீடு வரை வரும் பாதை யாருடையது? பக்கத்துத் தோட்டக்காரரின் நல்லெண்ணத்தில் நடந்துகொண்டிருந்தால், அவர் மகன் நாளை வேலி போடலாம். நடைபாதை உரிமையும் வண்டிப்பாதை உரிமையும் தனித்தனியாக, அகலத்தோடு எழுதியிருக்க வேண்டும். வண்டி வராத வீடு என்றால் இனி வாங்கப்போகும் ஒவ்வொரு மூட்டை சிமென்ட்டுக்கும் சுமைகூலி உண்டு, ஆம்புலன்சும் மேலேயே நின்றுவிடும்.

குடிநீரும் கழிவுநீரும்

மழை கொட்டும் மலையில் கோடையில் குடிக்கத் தண்ணீர் இருக்காது. நகராட்சிக் குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதை உரிமையாளரிடம் கேட்காமல், மே மாதத்தில் எதிர்வீட்டில் கேளுங்கள். ஊற்று நீர் என்றால் அந்த ஊற்று யார் நிலத்தில் பிறக்கிறது, குழாய் யார் நிலம் வழியாக வருகிறது என்று நடந்து போய்ப் பாருங்கள். ஆழ்துளைக் கிணறு இருந்தால் அதற்கு அனுமதி வாங்கிய தாள் வேண்டும். தரைத்தொட்டியின் கொள்ளளவைப் பார்த்து, லாரித் தண்ணீர் வந்தால் குழாய் எட்டுமா என்றும் கணக்குப் போடுங்கள். பழைய இரும்புக் குழாய் இருக்கும் வீட்டில், நாள்கணக்கில் திறக்காத குழாயைத் திறந்ததும் வரும் முதல் குவளைத் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள்.

செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது என்று கேட்டால் “கீழே எங்கேயோ” என்று பதில் வரும் வீடுகள் பல. மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். டேங்க்கின் தண்ணீர் உறிஞ்சு குழிக்குப் போகிறதா, நேரே ஓடையில் விடப்பட்டிருக்கிறதா? உறிஞ்சு குழி குடிநீர் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். சரிவில் அது போதாது, கிணற்றுக்கு மேலே இல்லாமல் கீழே இருக்க வேண்டும். மேல்வீட்டின் குழியும் உங்கள் கிணற்றுக்கு மேலே இருப்பதுதானே, அதையும் பாருங்கள். உங்கள் கழிவு அடுத்த கிராமத்தின் குடிநீரில் கலக்கிறது என்று தெரிந்தால், சரிசெய்யும் செலவை விற்பவர் ஏற்க வேண்டும் என்று பேசுங்கள். ஏற்காவிட்டால் நீங்களே செய்யுங்கள்.

மரமும் விலங்கும்

கூரைக்கு மேல் சாய்ந்த கற்பூர மரமும் சீகையும் அழகாகத்தான் இருக்கும், தென்மேற்குக் காற்றில் விழுபவையும் அவைதான். வாங்கிய பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி வேண்டும். ஆபத்தான மரங்களை எண்ணி, அனுமதி வாங்கும் பொறுப்பை ஒப்பந்தத்தில் விற்பவர் மேல் வையுங்கள். காட்டெருமை, கரடி, சிறுத்தை நடமாட்டம் பெரும்பாலான பகுதிகளில் உண்டு. வீட்டுக்கு வெளியே இருக்கும் குளியலறையும், இருட்டான நீண்ட படிக்கட்டும் அங்கே வசதிக்குறைவைத் தாண்டிய விஷயங்கள். கேஸ் சிலிண்டரும் பால்காரரும் எதுவரை வருகிறார்கள் என்றும் விசாரியுங்கள்.

யாரைக் கூட்டிப்போவது

கோயம்புத்தூரிலிருந்து ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்து வருவது அவசியம். அவரோடு அந்தச் சரிவிலேயே வீடு கட்டிய உள்ளூர் கொத்தனார் ஒருவரும் வேண்டும் என்பேன். பொறியாளர் சுவரைப் படிப்பார், கொத்தனாருக்கு அந்தச் சுவருக்குக் கீழே என்ன கிடக்கிறது என்று தெரியும். பழைய வீடானால் கூரைக்கு ஓர் ஆசாரியும். மின்சாரத்தில் எர்த் சரியாக இருக்கிறதா என்று அளந்து பார்க்க ஓர் எலக்ட்ரீஷியன். பாறை நிலத்தில் எர்த் பிடிப்பது கடினம், மின்னல் காலத்தில் அதன் விலை தெரியும். இவர்கள் எல்லோருக்கும் கொடுக்கும் கூலி, வீட்டு விலையில் ஒரு தூசு.

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, “2009 நவம்பர்ல இந்தப் பக்கம் எப்படி இருந்துச்சுங்க?” என்று கேளுங்கள். வயதானவர்களுக்கு எந்த மேடு இறங்கியது, எந்தச் சுவர் விழுந்தது, எத்தனை நாள் பாதை அடைத்திருந்தது எல்லாம் நினைவிருக்கும். ஒரு வீட்டில் கேட்டது போதாது, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகக் கேளுங்கள்.

பார்த்து முடித்தபின் குறைகளை இரண்டாகப் பிரிக்கலாம். கூரை ஒழுக்கு, உளுத்த தளம், பிரிந்த பூச்சு, துருப்பிடித்த குழாய், பழைய வயரிங் ஆகியவை பணத்தால் தீர்பவை. அவற்றின் செலவைக் கொத்தனாரிடமும் ஆசாரியிடமும் எழுதி வாங்கி, சுமைகூலியையும் சேர்த்து, விலையிலிருந்து கழியுங்கள். நகரும் சரிவு, வீட்டை நோக்கி வரும் ஓடை, உரிமை இல்லாத பாதை, அனுமதி இல்லாத தளம் ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலும் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். இந்த நான்கும் இல்லை என்று உறுதியான பிறகே அட்வான்ஸ் கொடுங்கள். முன்னதாகக் கொடுத்தே ஆக வேண்டியிருந்தால், பொறியாளரின் அறிக்கை பாதகமாக வந்தாலோ, மழைக்காலத்தில் தடுப்புச்சுவரோ அஸ்திவாரமோ நகர்ந்தது தெரிந்தாலோ அட்வான்ஸ் முழுவதும் எத்தனை நாளில் திரும்பி வரும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள்.